கற்கண்டுப் பாகும் புரதப் படிகமும்

நம் சங்கத்து மலருக்கு ஆண்டுதோறும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்பார்கள். நானும் சீவக சிந்தாமணி, நீலகேசி, மேல்சித்தாமூர்த் திருவிழா என்று ஏதாவது எழுதிக் கொடுப்பேன். இந்த முறை பொருள் வேறு. "பெரியவரே, போன வருஷமும் சமணம், அதற்கு முந்தின வருஷமும் சமணம், பிள்ளைகள் படிக்கிற மாதிரி விஞ்ஞானம் எழுதுங்களேன்" என்று மலர்க்குழுவில் ஒரு தம்பி சொன்னார். சரி என்று ஒப்புக்கொண்டேன். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. திருச்சானூரில் கற்கண்டு, வெல்லம், பருப்பு, ஏலம் விற்கிற கடைக்காரன். ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. காரணம் இரண்டு. ஒன்று கற்கண்டு. மற்றொன்று என் தாயார்.

எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: புரதங்களைப் படிகமாக வளர்ப்பது எப்படி, அந்த வேலையை மனிதர் கையிலிருந்து எந்திரங்கள் வாங்கிக்கொண்டது எப்படி, அதனால் நமக்கு என்ன லாபம்.

அம்மா மறுத்த மருந்து

எங்கள் பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். அப்பா வியாபாரத்துக்காக இங்கே வந்து தங்கினார். 1976இல் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் முற்றிவிட்டது. மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை, இன்சுலின் ஊசிதான் போடணும் என்று வைத்தியர் சொன்னார். "அது எதில் செய்கிறது?" என்று அம்மா கேட்டார். வைத்தியர் நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். அந்த நாளில் இன்சுலின் முழுக்க முழுக்க மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. இருட்டினால் அன்னம் தொடாத, தண்ணீரை வடிகட்டாமல் குடிக்காத அம்மா, "என் ஒரு உசிருக்காக எத்தனை உசிரு?" என்று கேட்டுவிட்டு ஊசியே வேண்டாம் என்றார். நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. 1978இல், பத்மாவதி தாயாருக்குக் கார்த்திகை பிரம்மோற்சவம் நடந்து, கடையில் கூட்டம் நெரிகிற சமயத்தில், காலமானார்.

அதே 1978 செப்டம்பரில் அமெரிக்காவில் கலிபோர்னியாவில், மனித இன்சுலினைப் பாக்டீரியாவைக் கொண்டு செய்ய முடியும் என்று காட்டிவிட்டார்கள். 1982இல் அது மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. நம் பெங்களூரில் பயோகான் கம்பெனி ஈஸ்ட்டிலிருந்து மனித இன்சுலின் தயாரித்து 2004இல் வெளியிட்டது. இதையெல்லாம் நான் அறிந்தது பிற்பாடு. அறிந்த பிறகு, இந்த இன்சுலின் என்கிற பொருள் என்ன, அதன் உருவம் என்ன, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். தேடின இடத்திலெல்லாம் ஒரே சொல் எதிரே வந்து நின்றது: படிகம்.

ஏன் படிகம் வேண்டும்?

நம் உடம்பில் வேலை செய்கிற கருவிகள் புரதங்கள். சாப்பாட்டைச் செரிப்பது, ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது, நோய்க்கிருமியைப் பிடிப்பது எல்லாம் அவைதாம். அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த சரம் அது. இன்சுலினில் 51 மணி. சரமாகவே கிடந்தால் பயனில்லை. அது குறிப்பிட்ட விதமாக மடிந்து சுருண்டு ஓர் உருவம் பெற்றால்தான் வேலை செய்யும். பூட்டின் உட்புறம் தெரிந்தால்தானே சாவி செய்யலாம்? அதுபோல, புரதத்தின் உருவம் தெரிந்தால்தான் அதற்குத் தக்க மருந்தைக் கணக்குப் பார்த்துச் செய்ய முடியும்.

ஆனால் அந்த உருவம் எந்தச் சாதாரண உருப்பெருக்கியிலும் தெரியாது, அவ்வளவு சிறியது. எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அது சிதறுகிற விதத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும். ஒரே ஒரு மூலக்கூறு சிதறடிக்கிற கதிர் மிக மெலிந்தது, பதிவாகாது. திருமலைப் பாதையில் ஒருவர் மட்டும் கோவிந்தா என்றால் பத்தடி தள்ளி இருப்பவருக்குக் கேட்காது. ஆயிரம் பேர் ஒரே மூச்சில் சொன்னால் அடுத்த வளைவு வரை கேட்கும். ஒரே மூச்சில் என்பதுதான் முக்கியம். ஆளுக்கொரு நேரத்தில் சொன்னால் வெறும் இரைச்சல். படிகம் என்பது கோடானுகோடி மூலக்கூறுகள் ஒரே திசை, ஒரே இடைவெளி என்று வரிசை கட்டி நிற்கிற நிலை. அப்போது எல்லாம் சேர்ந்து ஒரே குரலாகக் கதிரைச் சிதறடிக்கும். அதனால்தான் படிகம் வேண்டும்.

பாகு பதம் தெரிந்தவருக்கு இது புரியும்

கற்கண்டு செய்வதைப் பார்த்தவர்களுக்கு மீதி விளக்கம் எளிது. சர்க்கரைப் பாகைப் பதம் பார்த்து இறக்கி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, மூடி, ஆடாமல் அசையாமல் வைப்பார்கள். உடன்குடிப் பக்கத்திலிருந்து எனக்கு வரும் பனங்கற்கண்டுக்கு நாற்பது, நாற்பத்தைந்து நாள் காத்திருப்பார்கள். பதம் குறைந்தால் பாகு பாகாகவே கிடக்கும். மிஞ்சினால் பூத்துப்போய் மாவாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கே நின்றால்தான் கட்டி கட்டியாகக் கண்ணாடி மாதிரி விளையும்.

புரதமும் அப்படித்தான். ஆனால் நூறு மடங்கு அடம். சர்க்கரையைப் போல் காய்ச்ச முடியாது. காய்ச்சினால் முட்டை வெள்ளைக்கரு வெந்து போவதுபோல் உருவம் குலைந்துவிடும். ஆகவே காய்ச்சாமலே தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஓர் அழகான உபாயம் வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உப்பு நீர்த்துப்போகும். அதே தத்துவம். சின்னக் குழியில் கெட்டியான உப்புக் கரைசல். அதன் மேலே கண்ணாடி வில்லையில் தலைகீழாகத் தொங்கும் ஒரு சொட்டு. அந்தச் சொட்டில் பாதி புரதக் கரைசல், பாதி அதே உப்புக் கரைசல். ஓரத்தில் பசை தடவி காற்றுப் புகாமல் மூடிவிடுவார்கள். சொட்டில் உப்பு பாதிச் செறிவுதான், குழியில் முழுச் செறிவு. ஆகவே சொட்டிலுள்ள தண்ணீர் ஆவியாகி மெல்ல மெல்லக் குழிக்கு இறங்கும். சொட்டு தானாகவே பதத்துக்கு வரும். தொங்கு சொட்டு முறை என்பது இதுதான். மேடையில் உட்கார வைத்தால் அமர்வு சொட்டு முறை.

விளைந்த படிகமும் கற்கண்டுபோல் கெட்டியாக இருக்காது. எடையில் சுமார் பாதி தண்ணீர். ஊசி பட்டால் நொறுங்கும், காய்ந்தால் வரிசை குலையும். இந்த உண்மை 1934இல்தான் தெரிந்தது. சுவீடனில் உப்சாலா நகரத்தில் ஓர் ஆராய்ச்சியாளர் பெப்சின் என்னும் செரிமானப் புரதத்தைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு விடுமுறைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் பெரிய பெரிய படிகங்கள்! அவை கேம்பிரிட்ஜுக்கு வந்தன. அங்கே பெர்னலும் அவர் மாணவி டோரதி ஹாட்ஜ்கினும், படிகத்தைக் காய விடாமல் அதன் தாய்க்கரைசலோடு கண்ணாடிக் குழாயில் அடைத்து எக்ஸ் கதிர்ப்படம் எடுத்தார்கள். முதன்முதலாகப் புள்ளி புள்ளியாகத் தெளிவான படம் விழுந்தது. ஆட்டாமல் விட்டதில் விளைந்தது, காயாமல் காத்ததில் தெரிந்தது.

டோரதி அம்மையார் 1935இல் இன்சுலின் படிகத்தைப் படமெடுத்தார். அதன் முழு உருவம் தெரிந்தது 1969இல். நடுவில் 34 ஆண்டுகள்! அவர் நோபல் பரிசே வேறு வேலைக்காக 1964இல் வாங்கிவிட்டார், இன்சுலினை மட்டும் விடவில்லை. அந்த 1969 வெற்றியில் பங்கு கொண்டவர்களில் ஒருவர் கேரளத்துத் திருச்சூர்ப் பக்கத்தில் பிறந்த எம். விஜயன்.

கிண்டியும் பெங்களூரும்

இந்தத் துறையில் நம் பக்கத்துக்குச் சொந்தமான கதை ஒன்று உண்டு, பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், முப்பது வயதுகூட நிறையாத ஜி.என். ராமச்சந்திரனைக் கிண்டி வளாகத்து இயற்பியல் துறைக்குத் தலைவராக்கினார். அங்கிருந்து 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும், தோல், எலும்பு, நரம்புக்கெல்லாம் வலுக்கொடுக்கும் கொல்லாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று வெளியிட்டார்கள். 1963இல் வெளிவந்த ராமச்சந்திரன் வரைபடம் இன்றும் உலகத்தில் எந்தப் புரத உருவத்தைத் தீர்த்தாலும் அது சரியா என்று உரசிப் பார்க்கிற கல். கர்த்தா அமெரிக்காவில் பஃபலோ நகரத்துக்குப் போய் 1967இல் ரைபோநியூக்ளியேஸ் என்னும் புரதத்தின் உருவத்தைத் தீர்த்தவர்களில் ஒருவரானார்.

விஜயன் இங்கிலாந்திலிருந்து திரும்பி பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் புரதப் படிகவியலை வளர்த்தார். 2022இல் மறைந்தார். அவர் குழு தீர்த்த புரதங்களில் இரண்டு நம் சமையலறைக்குப் பக்கத்தில் இருப்பவை. ஒன்று நிலக்கடலையிலுள்ள லெக்டின், 1994இல் வெளியானது. மற்றொன்று பலாக்கொட்டையிலுள்ள ஜாகலின், 1996இல். சர்க்கரை மூலக்கூறுகளை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதங்கள் இவை. புற்றுநோய்ச் செல்களின் மேல் தெரியும் ஒருவகைச் சர்க்கரை அடையாளத்தை இரண்டுமே பிடிக்கும். மண்ணுக்குள் விளைந்தாலும் கடலை கிழங்கல்ல என்று எங்கள் வீட்டில் சாப்பிடுவோம். அதற்குள் இவ்வளவு சூட்சுமம் இருப்பது யாருக்குத் தெரியும்!

சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசு பெற்றதும் படிகத்தால்தான். புரதங்களையே தயாரிக்கும் ரைபோசோம் என்னும் தொழிற்சாலையின் சிறிய பாதியைப் படிகமாக்கி, 2000இல் அதன் உருவத்தை வெளியிட்டார்.

குத்தூசி போட்டு மாதிரி பார்த்தல்

இப்போது எந்திரத்துக்கு வருவோம். சிக்கல் எங்கே என்றால், எந்தப் புரதத்துக்கு எந்தப் பதம் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது. எந்த உப்பு, எவ்வளவு, அமில நிலையா கார நிலையா, குளிர் எத்தனை, சேர்மானம் என்ன? ஐந்து விஷயம், ஒவ்வொன்றிலும் பத்துப் படி என்று வைத்தாலே ஒரு லட்சம் சேர்க்கை. புரதமோ சொற்பம்தான் கிடைக்கும். மாதக்கணக்கில் பாடுபட்டுத் தூய்மை செய்தது சில துளி. லட்சம் சோதனைக்கு எங்கே போவது?

1991இல் ஜன்காரிக், கிம் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். முன்பு வெற்றி தந்த பதங்களைப் பார்த்து, அங்கங்கே பரவலாகப் பொறுக்கி 50 கரைசல் மட்டும் முதலில் போட்டுப் பார். இது எங்கள் மண்டி வழக்கம்தான். நூறு மூட்டை இறங்கினால் எல்லாவற்றையும் அவிழ்ப்பதில்லை. அங்கொன்று இங்கொன்றாகக் குத்தூசி போட்டுக் கையில் வாங்கிப் பார்ப்போம். சரக்கின் யோக்கியதை தெரிந்துவிடும். எங்கே நல்ல குணம் தெரிகிறதோ அங்கே மேற்கொண்டு நோண்டலாம்.

குத்தூசி வந்ததும் எந்திரத்துக்கு வழி திறந்தது. பட்டியல் ஒன்றே, வேலை ஒன்றே, அளவு ஒன்றே என்றால் அதை எந்திரம் செய்யும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நவோமி சாயன், டேவிட் பிளோ ஆகியோர் 1990இலேயே, எண்ணெய்க்கு அடியில் நுண்சொட்டு வைக்கும் தானியங்கி முறை ஒன்றை வெளியிட்டிருந்தார்கள். ஊறுகாய்க்கு மேலே எண்ணெய் நிற்கிற மாதிரி பாரபின் எண்ணெய் மூடிக்கொள்வதால் சொட்டு காயாது. பிற்பாடு, கர்த்தா வாழ்ந்த அதே பஃபலோ நகரத்து ஆய்வு நிலையம் ஒன்று, ஒரே தட்டில் 1536 குழிகளில் எண்ணெய்க்கடியில் சோதனை போடும் வேலையை, வெளியிலிருந்து புரதம் அனுப்புகிறவர்களுக்கும் செய்து கொடுக்க ஆரம்பித்தது. 2000இல் அமெரிக்க அரசு புரத உருவங்களை மொத்தமாகத் தீர்க்கும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கி 2015 வரை நடத்தியது. அந்தப் பதினைந்து ஆண்டில்தான் இந்த எந்திரங்கள் நன்றாகத் தேர்ந்தன.

கண்ணால் கண்டது

என் தம்பி மகள் பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். போன வருஷம் போயிருந்தபோது, "பெரியப்பா, கற்கண்டு கடைக்காரருக்குக் காட்ட வேண்டியது ஒண்ணு இருக்கு, வாங்க" என்று கூட்டிப் போனாள்.

மேசை மேல் தையல் மெஷினைவிடச் சற்றுப் பெரிய எந்திரம். பெயர் மஸ்கிட்டோ, அதாவது கொசு. எங்கள் வீட்டில் கொசுவை அடிக்க மாட்டோம், விரட்டுவோம். இங்கே காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள்! நாடாவில் கோத்த மெல்லிய ஊசிகள் வரிசையாக இறங்கின, புரதத்தை உறிஞ்சின, 96 குழித் தட்டில் வைத்தன. ஒரு சொட்டு 100 நானோலிட்டர். ஒரு மில்லிலிட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தில் ஒரு சொட்டை ஐந்நூறாகப் பிரித்தால் வரும் அளவு. 96 குழிக்கும் சேர்த்து ஒரு மில்லிலிட்டரில் நூறில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. கையால் வைக்கிறவர்கள் ஒரு குழிக்கே இதைப்போல் பத்து மடங்கு புரதம் வைப்பார்கள். ஒரு ஊசியை மறுபடி தொடுவதில்லை, ஒன்றின் எச்சம் இன்னொன்றில் சேராது.

வேகமும் வேண்டும். இவ்வளவு சின்னச் சொட்டு திறந்த காற்றில் சில நிமிடத்தில் காய்ந்துவிடும். ஆகவே ஈரக்காற்று நிறைந்த கூண்டுக்குள் வேலை நடக்கிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் தட்டு முடிந்தது. உடனே தெளிவான ஒட்டுநாடா போட்டு மூடினாள். "கையால செஞ்சா, பெரியப்பா, ஒரு தட்டுக்கு அரை நாள். அதுலயும் பாதி கை நடுக்கத்துல கெட்டுப்போகும்" என்றாள்.

பிறகு தட்டு ஒரு நிலைப்பேழைக்குள் போயிற்று. உள்ளே எப்போதும் 20 பாகை. ஆயிரம் தட்டு வரை கொள்ளும் பேழைகள்கூட உண்டாம். எந்திரமே முதல் நாள், இரண்டாம் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள் என்று முறை வைத்துத் தட்டை எடுத்து, ஒவ்வொரு சொட்டையும் படமெடுத்துத் திரும்ப வைக்கிறது. குளிர் அறைக்குள் நின்று கழுத்து வலிக்க உருப்பெருக்கியில் பார்த்தது போய், வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கலாம்.

ஆனால் படம் மலையாகக் குவிந்தால் யார் பார்ப்பது? அதற்கும் எந்திரம். 2018இல் ஐந்து நிறுவனங்கள் ஏறத்தாழ 5 லட்சம் படங்களைப் பொதுவில் சேர்த்தன. படிகம், வெறும் தெளிவு, திரிந்த வண்டல், மற்றவை என்று மனிதர் தரம் பிரித்த அந்தப் படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கினார்கள். மார்கோ என்று பெயர். நூற்றுக்கு 94 சரியாகச் சொல்கிறது. படிகம் போல் மின்னுவது வெறும் உப்பாக இருந்தால்? அதற்கும் சோதனை இருக்கிறது. புற ஊதா ஒளியில் பார்த்தால் பெரும்பாலான புரதப் படிகம் ஒளிரும், உப்பு இருளும். புரதத்திலுள்ள டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலம் செய்கிற காரியம் அது.

தோல்விக்கும் ஒரு பேரேடு

இந்த எந்திரங்களால் கிடைத்த பெரிய லாபம் வேகம் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசிக்க யோசிக்க வேறொன்று தெரிந்தது. கையால் செய்த காலத்தில் படிகம் விளைந்தால் எழுதுவார்கள். விளையாதது குப்பைக்குப் போகும், குறிப்பே இருக்காது. எந்திரம் அப்படி இல்லை. எந்தத் தட்டு, எந்தக் குழி, என்ன அளவு, எத்தனையாம் நாள், என்ன ஆயிற்று என்று ஒன்று விடாமல் எழுதுகிறது. லாபத்தை மட்டும் எழுதி நஷ்டத்தை எழுதாத பேரேடு எதற்கு ஆகும்? கணினியைப் பழக்கிய அந்த ஐந்து லட்சம் படத்தில் பெரும்பங்கு படிகம் விளையாத சொட்டுகள்தான். விளையாதது எப்படி இருக்கும் என்று தெரிந்ததால்தான் விளைந்ததை அது அடையாளம் கண்டது.

தோல்வியிலிருந்து வெற்றியை எடுக்கிற வித்தை இன்னொன்றும் உண்டு. ஒரு குழியில் ஒழுங்கற்ற பொடிப் படிகம் வந்தால் அதை நொறுக்கி, விதையாக மற்ற 96 குழிகளுக்கும் தூவுவார்கள். உறைமோர் ஊற்றுவது மாதிரி. புதிதாகப் படிகம் பிறப்பதற்குத் தேவையான பதம் வேறு, பிறந்தது வளர்வதற்குத் தேவையான பதம் வேறு. விதை இருந்தால் முதல் தடையைத் தாண்டிவிடலாம். முன்பு இதைப் பூனை மீசை மயிரால்கூடத் தொட்டு இழுத்துச் செய்தார்கள். இன்று அதே எந்திரக் கொசு மூன்றாவது ஊசியாக விதையையும் வைத்துவிடுகிறது.

பலன் கண்ணெதிரே தெரிந்தது கொரோனா காலத்தில். 2020 தொடக்கத்திலேயே சீன ஆராய்ச்சியாளர்கள் அந்த வைரஸின் முக்கியமான புரதம் ஒன்றின் படிக உருவத்தை வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் டயமண்ட் ஒளி நிலையத்தில் அதே புரதப் படிகங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு வேதிப்பொருள்களை எந்திரத்தால் ஊற வைத்து, எது எங்கே ஒட்டுகிறது என்று சில வாரங்களில் பார்த்தார்கள். 34 ஆண்டு எங்கே, சில வாரம் எங்கே! நம் நாட்டிலும் இந்தூரில் இண்டஸ்-2 என்னும் கதிர் வளையத்தில் புரதப் படிகங்களுக்கென்று ஒரு கதிர்வழி உண்டு.

எந்திரத்தால் ஆகாதது

எல்லாம் எந்திரம் செய்துவிடும் என்று எழுதினால் நான் பொய் சொன்னவனாவேன். எந்திரம் சொட்டு வைக்கும், எந்தப் புரதத்தை வைப்பது என்று அதற்குத் தெரியாது. புரதம் தூய்மையாக இல்லாவிட்டால் ஆயிரம் குழியும் வண்டல்தான். மட்டமான சர்க்கரையில் கற்கண்டு எடுக்க முடியுமா? இன்றைக்கும் படிகத்துக்கு இழுக்கப்பட்ட புரதங்களில் மிகப் பல விளையாமலே போகின்றன. நுண்சொட்டில் விளைந்தது பெரிய சொட்டில் விளையாமலும் போகும். விளைந்ததை நைலான் வளையத்தில் ஏந்தி எடுத்துத் திரவ நைட்ரஜனில் உறைய வைக்கும் வேலை பல இடங்களில் இன்னும் மனிதக் கையில்தான். பிரான்சில் கிரெனோபிளில் சவ்வை லேசரால் வெட்டிப் படிகத்தை எடுக்கும் எந்திரம் செய்திருக்கிறார்கள். எல்லோரிடமும் அது இல்லை.

இன்னொரு கேள்வி படித்த பிள்ளைகள் கேட்பார்கள்: செயற்கை நுண்ணறிவு புரத உருவத்தைத் தானே சொல்லிவிடுகிறதே, படிகம் இனி எதற்கு? ஆல்பாஃபோல்டு என்னும் கணினி முறை 2020இல் உலகை வியக்க வைத்தது உண்மை. 2024இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அது எதைப் படித்து வளர்ந்தது? 1971இல் ஏழே உருவங்களோடு தொடங்கி 2023இல் இரண்டு லட்சத்தைத் தாண்டிய புரதத் தரவு வங்கியைப் படித்து. அதில் மிகப் பெரும்பான்மை படிகத்தால் தீர்த்தவை. மருந்து புரதத்தில் எப்படி ஒட்டுகிறது என்று திட்டமாகப் பார்க்க இன்றும் படிகத்தைத்தான் நாடுகிறார்கள். மூத்தவர் சேர்த்த முதல் இல்லாமல் இளையவர் வட்டி வாங்க முடியாது.

குளிர்பெட்டியில் ஒரு படிகம்

கடைசியாக, என் சொந்த விஷயம். அம்மாவுக்கு வந்த நோய் எனக்கும் வந்தது. பால்போல் கலங்கலாக ஒரு இன்சுலின் இருக்கிறதே, போடுவதற்கு முன் உள்ளங்கையில் வைத்து உருட்டச் சொல்வார்கள். உங்களில் பல வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கும். அந்தக் கலங்கல் என்ன தெரியுமா? கோடிக்கணக்கான நுண்ணிய இன்சுலின் படிகங்கள்! தோலுக்கடியில் அவை மெல்லக் கரைவதால் மருந்து நெடுநேரம் நிற்கிறது. 1946இல் டென்மார்க்கில் செய்த உபாயம் அது. ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் இரண்டு துத்தநாக அணுவைச் சுற்றிக் கூடி நிற்கும் என்று டோரதி அம்மையாரின் படிகம் காட்டியது. அந்த அறுவர் கூட்டம் சீக்கிரம் பிரியும்படி சரத்தில் இரண்டு மணியை இடம் மாற்றியதுதான் 1996இல் வந்த விரைவு இன்சுலின். அம்மா காலத்தில் தீர்ந்த உருவம், என் காலத்தில் மருந்தாயிற்று.

அந்தக் கலங்கலில் படிகம் உண்டாக்கச் சேர்க்கும் புரோட்டமீன் மீனிலிருந்து எடுக்கப்படுவது என்று படித்தபோது எனக்குத் திக்கென்றது. வைத்தியரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் உடம்புக்குப் பொருந்துகிற, அது சேராத வேறு இன்சுலினை எழுதிக் கொடுத்தார். (இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். வைத்தியரைக் கேட்டே செய்யவும்.) அதைச் செய்கிற நுண்ணுயிரும் உயிர்தானே என்று கேட்டால், ஆம், ஓரறிவுயிர்தான். இல்லறத்தான் அதை முழுதும் தவிர்க்க முடியாது, குறைத்துக்கொள்ளத்தான் முடியும் என்பது எங்கள் பெரியோர் வகுத்த வழி. ஊசி போட்டுக்கொள்கிறேன். அம்மா இருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாரா? தினமும் காலையில் அந்தக் கேள்வி வரும். ஒப்புக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். குறைந்தபட்சம், "எதில் செய்கிறது?" என்ற அவர் கேள்விக்கு என்னிடம் இன்று முழுப் பதில் இருக்கிறது.

வெளி மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கிண்டியில் தொடங்கியதும் சிதம்பரத்தில் பிறந்ததும் உங்கள் சொத்து. கையில் எந்திரம் இருக்கிறதே என்று பதம் பார்க்கிற கண்ணை விட்டுவிடாதீர்கள். தோற்றதையும் எழுதி வையுங்கள். இந்த எளிய கடைக்காரன் எழுதியதில் பிழை இருந்தால் அறிந்தோர் திருத்துக. அடுத்த முறை பெற்றோரோடு திருச்சானூர் வந்தால் கடைக்கு வாருங்கள். கற்கண்டுக் கட்டி ஒன்றைக் கையில் தந்து, நூல் எங்கே இருந்தது என்று காட்டுகிறேன்.